பள்ளிப் பிள்ளைகள் செய்த ஏஐ உதவியாளர்கள்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

நான் திருவாரூர்ப் பக்கம். சனிக்கிழமைகளில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கப் போவேன். போன சம்பாவில் நடந்ததை எழுதுகிறேன். உங்களில் யாராவது இப்படி ஏதாவது செய்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

"நம்ம ஊர்ல எது கஷ்டம்? அதுக்கு ஒரு ஏஐ உதவியாளர் செய்வோம்" என்று கேட்டதும் முதலில் வந்தது எல்லாம் பறக்கும் ரோபோதான். சரி, வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த வாரம் பாதிப் பேர் ஒரே விஷயத்தோடு வந்து நின்றார்கள். நெல்லில் புள்ளி விழுந்தால் அப்பா இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறார், கடையில் கொடுப்பதை வாங்கி அடிக்கிறார், ஆனால் குலைநோய்க்கு அடிக்கிற மருந்து எல்லாப் புள்ளிக்கும் கேட்பதில்லை, கடைசியில் காசும் போய் பயிரும் போகிறது. சரியான பிரச்சினையைப் பிடித்துவிட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

கூகுளின் டீச்சபிள் மெஷின் என்ற இணையக் கருவியை எடுத்துக்கொண்டோம். கணினி நிரல் எதுவும் எழுத வேண்டாம். படங்களை வகை வகையாகப் பிரித்துக் கொடுத்தால் பிரவுசரிலேயே பழகிக்கொள்ளும். ஏற்கெனவே ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய மாடல் ஒன்று அதற்குள் இருப்பதால் நாம் கொடுப்பது குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். பிள்ளைகள் மூன்று வகை வைத்தார்கள்: நல்ல இலை, குலைநோய், செம்புள்ளி. குலைநோய் என்றால் இரண்டு முனையும் கூர்மையாக, கண் வடிவத்தில் புள்ளி இருக்கும், நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. செம்புள்ளி எள்ளைத் தூவினது போல இருக்கும். இதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவர்கள் தாத்தாக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தது.

வகுப்பில் பிரமாதமாக வேலை செய்தது. வயலுக்குக் கொண்டுபோனால் நோய் விழுந்த பயிரை எல்லாம் "நல்ல இலை" என்றது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எனக்கும் காரணம் பிடிபடவில்லை. திரும்பி வந்ததும் ஒரு பெண் வழியில் பறித்த நல்ல இலை ஒன்றைப் பள்ளி வராந்தாவில், சிமெண்ட் தரையில் வைத்து கேமராவைக் காட்டினாள். குலைநோய் என்றது! அவள் என்னைப் பார்த்து, "அக்கா, இது இலையப் பாக்கல, தரையப் பாக்குது" என்றாள். அவ்வளவுதான் விஷயம். நல்ல இலைகளை வயலில் நின்றபடி படம் எடுத்திருந்தார்கள், நோய் இலைகளை மட்டும் டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துவந்து இதே வராந்தாவில் வைத்து எடுத்திருந்தார்கள்.

அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பிளாண்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பின் கதையைச் சொன்னேன். 54,306 இலைப் படங்கள், 14 வகைப் பயிர்கள். அதை வைத்து 2016-ல் வெளிவந்த ஆய்வில் மாடல் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே மாடலுக்கு வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீதம் வரை இறங்கிவிட்டது. "பெரிய ஆளுங்களுக்கும் இப்படித்தானா அக்கா?" என்று ஒருவன் கேட்டான், வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மறு வாரமே எல்லாப் படத்தையும் அழித்துவிட்டு வயலிலேயே, காலையிலும் சாயங்காலத்திலும் எடுக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு பையன் தன் செருப்பைக் காட்டினான், "செம்புள்ளி" என்றது. நாம் கொடுத்த மூன்று வகைக்குள்தான் அது நூறு சதவீதத்தையும் பிரித்துப்போடும், எனக்குத் தெரியாது என்று சொல்ல அதற்கு வழியே கிடையாது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். தரை, கை, செருப்பு, வரப்பு எல்லாம் போட்டு "இலை இல்லை" என்று நாலாவது வகை வைத்தார்கள். முடிவு உறுதியாக வராவிட்டால் "தெரியவில்லை, இன்னொரு படம் எடுங்கள்" என்று காட்டவும் செய்தார்கள்.

ஒரு பையனின் தாத்தா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இலைய மட்டும் பாத்தா எப்புடி? என்ன ரகம், எத்தனை நாள் பயிரு, யூரியா எப்ப போட்டான்னு கேக்க வேணாமா?" என்றார். யூரியா அதிகமானால் குலைநோய் ஏறும், ஆந்திரா பொன்னி அதற்குச் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும், இதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அந்த மூன்று கேள்வியும் அப்படியே உள்ளே போயின. மருந்துப் பெயர் சொல்லவே கூடாது என்பது பிள்ளைகள் எடுத்த முடிவு. நோய்ப் பெயரோடு "இலையை உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்" என்று மட்டும் வரும்.

*

மறுமொழி, சென்னையிலிருந்து:

செருப்புக் கதையைப் படித்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பகுதியில் கோடையில் தண்ணீர் லாரிதான். ஹாரன் சத்தம் கேட்டுத்தான் குடத்தோடு ஓடுவோம். கோடி வீட்டு ஆயாவுக்குக் காது கேட்காது, ஒவ்வொரு முறையும் யாராவது போய்க் கூப்பிட வேண்டும், மறந்துவிட்டால் அவருக்குத் தண்ணீர் இல்லை. என் மகளும் அவள் தோழிகளும் (ஏழாம் வகுப்பு) அதே டீச்சபிள் மெஷினில் சத்தத்துக்கான பகுதியை எடுத்தார்கள். முதலில் வெறும் சுற்றுச் சத்தத்தை இருபது நொடிக்குக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் நமக்கு வேண்டிய சத்தம், ஒவ்வொரு துண்டும் ஒரு நொடி. லாரி ஹாரனைப் பதிவு செய்ய நாலு நாள் காலையில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஹாரன் கேட்டால் ஆயா வீட்டில் பழைய போன் ஒன்றின் திரை சிவப்பாகி மின்னும்.

முதல் நாளே இடியாப்பக்காரர் ஹாரனுக்கு மின்னிவிட்டது. ஆயா இரண்டு குடத்தோடு வெளியே வந்து நின்றார், வெயிலில், பாவம். பிள்ளைகள் அழாத குறை. அன்று சாயங்காலமே இடியாப்பக்காரரை நிறுத்தி, "அண்ணா, பத்துத் தடவை அடிங்க" என்று கேட்டு அதைத் தனி வகையாகச் சேர்த்தார்கள், அவரும் சலிக்காமல் அடித்தார். ஆயா சொன்ன ஒரு திருத்தம்: மின்னுவது மட்டும் போதாது, மதியம் கண் அசந்துவிட்டால் எப்படித் தெரியும், போன் அதிரவும் வேண்டும். இப்போது அது அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

*

மறுமொழி, வால்பாறையிலிருந்து:

எங்கள் பிள்ளைகள் யானையைக் கண்டுபிடிக்கும் கேமரா செய்யப் போகிறோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். கோவை பக்கத்து மதுக்கரை ரயில் பாதையில் வனத்துறை 2024-ல் ஏஐ கேமராக்கள் வைத்ததைப் பார்த்த ஆசை. ஆனால் எஸ்டேட் லைன் வீடுகளில் போய்க் கேட்டபோது வேறு ஒன்று தெரிந்தது. யானை வந்தால் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் எங்களுக்குப் பல வருடங்களாக இருக்கின்றன. வட மாநிலத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் தொழிலாளர்களுக்கு அந்தத் தமிழ்ச் செய்தியைப் படிக்கத் தெரியவில்லை. கேமரா திட்டத்தைப் பிள்ளைகள் அன்றே விட்டுவிட்டார்கள். இப்போது செய்தியை மொழிபெயர்த்துச் சத்தமாகப் படிக்கும் உதவியாளர் ஒன்று தயாராகிறது. மொழிபெயர்ப்பு சரியா என்று அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள்தான் கேட்டுச் சொல்கிறார்கள், அவர்களும் இதே வகுப்பில்தான் படிக்கிறார்கள்.

*

மீண்டும் திருவாரூர்:

மறுமொழி இரண்டையும் இன்று வகுப்பில் படித்துக் காட்டினேன். இடியாப்பக்காரர் வந்த இடத்தில் கைதட்டினார்கள். சென்னை அக்காவுக்கு ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்கள்: மழை பெய்யும்போது லாரிச் சத்தம் சரியாகக் கேட்குமா? எங்களுக்கும் அதே தொல்லை, ஈர இலையில் வெளிச்சம் பட்டால் புள்ளியே தெரிய மாட்டேன் என்கிறது. இந்த ஐப்பசியில் குடை பிடித்துக்கொண்டு ஈர இலைகளை மட்டும் தனியாக எடுக்கப் போகிறார்கள், யார் குடை பிடிப்பது, யார் படம் எடுப்பது என்று பட்டியல் கூடப் போட்டுவிட்டார்கள்.