வைட்பேண்டுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

ஈசூனிலிருந்து:
வணக்கம். சிங்கப்பூரில் நடக்கும் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்காக உயர்நிலை மாணவர்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டல் பற்றிக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அகலமான அலைவரிசையைக் குறிக்கும் 'வைட்பேண்ட்' என்ற இடத்தில் நான்கு நாளாக நிற்கிறேன். விஷயம் இதுதான். ஜிபிஎஸ்ஸின் பழைய குறியீட்டில் ஒரு சில்லின், அதாவது குறியீட்டின் மிகச்சிறிய துண்டின், நீளம் வானில் ஏறக்குறைய 293 மீட்டர். ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் அனுப்பும் இ5 அலையில் அது 29.3 மீட்டர்தான். அதன் அலைவரிசையின் அகலமோ 51 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. ஆகவே எதிர் புளோக் சுவரில் பட்டுத் தாமதமாக வரும் அலையை நேரே வந்ததிலிருந்து பிரித்துவிடலாம். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் நின்றால் கைபேசியின் நீலப்புள்ளி கால்வாய்க்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டப்போகிறேன். 'அகலப்பட்டை' போடலாமா?

ஜூரோங்கிலிருந்து:
அகலப்பட்டை என்றால் வீட்டு இணையம் என்பார்கள். வெறும் பட்டை என்றால் என் வீட்டில் பிரியாணி. 'விரிகற்றை' போடுங்கள், அண்ணே. வினைத்தொகை, முக்காலமும் விரியும்.

உட்லண்ட்ஸிலிருந்து:
தம்பி, கூடாது. அலையை விரித்து அனுப்பும் முறையான ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்துக்கு அப்புறம் என்ன வைப்பீர்கள்? பழைய ஜிபிஎஸ் அலையும் விரிக்கப்பட்டதுதான், அகலம்தான் குறைவு. 'அகல்கற்றை' என்பதே சரி. சங்கப் பாட்டில் விசும்புக்கு அடையே 'அகலிரு'. அகல்விளக்கும் வாய் அகன்றதால் வந்த பெயர்தான் என்பேன். மார்பைக்கூட அகலம் என்றே பாடினார்கள்.

தெம்பனிஸிலிருந்து:
ஐயா, மார்பை விட்டுச் செயற்கைக்கோளுக்கு வாருங்கள். புணர்ச்சிப்படி 'அகற்கற்றை' அல்லவா?

உட்லண்ட்ஸிலிருந்து:
கொல்களிறு கொற்களிறு ஆகுமா, அம்மா? வினைத்தொகை இயல்பாகவே நிற்கும்.

ஜூரோங்கிலிருந்து:
இலக்கணம் இருக்கட்டும். இந்த அலை தரைக்கு வரும்போது இரைச்சலுக்கும் கீழே கிடக்கும். ஜெர்மனியின் வைல்ஹைமில் 30 மீட்டர் தட்டு ஆன்டெனாவை வைத்து அதைத் தூக்கி எடுத்து அளக்கிறார்கள். செயற்கைக்கோளிலுள்ள வடிகட்டி அலைவரிசையின் ஓர் ஓரத்தை மட்டும் தாமதப்படுத்துகிறதா என்பதுதான் பெரிய கவலை. அகலம் கூடக்கூட அந்தத் தொல்லையும் கூடும். 'கற்றை' மட்டும் எனக்குச் சம்மதம். இ5-இன் பகுதிகளான இ5ஏ, இ5பி இரண்டையும் சேர்த்துக் கட்டித்தானே அனுப்புகிறார்கள்!

தெம்பனிஸிலிருந்து:
இன்று உயர்நிலை இரண்டில் 'அகல்கற்றை' என்று பலகையில் எழுதினேன். "யாரை அகலச் சொல்றீங்க, டீச்சர்?" என்றான் ஒருவன். பக்கத்திலே வைட்பேண்ட் என்றும் போடுங்கள். புரியாத தூய்மை எனக்கு வேண்டாம்.

உட்லண்ட்ஸிலிருந்து:
அவன் கேட்டதிலேயே சொல் புரிந்துவிட்டது.

ஈசூனிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். அகல்கற்றைக்கு மூன்று பேர், அதில் ஒருவர் அரைமனதாக. அதையே போட்டேன், முதல் இடத்தில் மட்டும் வைட்பேண்டும் உண்டு. சிக்னலுக்குச் 'சமிக்ஞை' என்று எழுதிவிட்டேன்.

ஜூரோங்கிலிருந்து:
என் ஓட்டு இன்னும் விரிகற்றைக்கே.

உட்லண்ட்ஸிலிருந்து:
சமிக்ஞை வடசொல் அல்லவா?