ரெய்சிங் சாண்ட்: கன்ட்ரி ஆல்பமா? அதன் ஹார்மனியைப் பாடுவது எப்படி?

கேள்வி – வடகரை
லெட் செப்பலின் ராக் குழுவில் பாடிய ராபர்ட் பிளான்ட்டும் புளூகிராஸ் பாடகி ஆலிசன் கிராஸும் சேர்ந்து பாடிய ரெய்சிங் சாண்ட் ஆல்பம் பற்றி இரண்டு சந்தேகம். ஒன்று, இதைக் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புற இசை) என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர் போடுகிறார்கள். இரண்டு, அதிலுள்ள 'கில்லிங் தி புளூஸ்' பாட்டை இரண்டு பேராக ஹார்மனியில் (ஒருவர் மெட்டு, மற்றவர் அதோடு இணையும் வேறு ஸ்வரம்) பழகுகிறோம். மெட்டுக்கு மூன்றாம் ஸ்வரத்தை மேலே வைத்துக்கொண்டே போனால் சில இடங்களில் இடிக்கிறது. ஏன்?

பதில் – ஒலிநாடா
விருதுப் பட்டியலே முதல் கேள்விக்குப் பதில். அமெரிக்க இசை விருதான கிராமியில் 2009-ல் இதற்கு ஐந்து விருது. 'ரிச் வுமன்' பாப் பிரிவில், 'கில்லிங் தி புளூஸ்' கன்ட்ரி பிரிவில், முழு ஆல்பம் ஃபோக்/அமெரிக்கானா (நாட்டுப்புற வழி வந்த இசை) பிரிவில். 'ப்ளீஸ் ரீட் தி லெட்டர்' ஆண்டின் சிறந்த ரெக்கார்டு. கடைசியாக ஆண்டின் சிறந்த ஆல்பம். அதில் ரேடியோஹெட், கோல்ட்பிளே, லில் வெய்ன் எல்லாம் போட்டியில் இருந்தார்கள். 'கான் கான் கான்' முந்தைய ஆண்டே ஒன்று வாங்கிவிட்டது.

விற்பனையிலும் குறைவில்லை. 2007 அக்டோபரில் வெளியானதும் அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200-ல் இரண்டாம் இடம். முதலிடம் அதே வாரம் வந்த கேரி அண்டர்வுட்டின் கார்னிவல் ரைட்.

பாட்டுகளின் பிறப்பிடமும் கலவைதான். எவர்லி சகோதரர்கள், ஜீன் கிளார்க், டவுன்ஸ் வான் சாண்ட், டாம் வெய்ட்ஸ் என்று போகிறது. 'ப்ளீஸ் ரீட் தி லெட்டர்' பிளான்ட்டே லெட் செப்பலின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜுடன் 1998-ல் பாடியது. என்னைக் கேட்டால், பாடும் முறை கன்ட்ரி, பாட்டுகள் எல்லா ஊருடையவை.

பதில் – மூன்றாம்கட்டை
இடிப்பதற்குக் காரணம் கார்டு, அதாவது கிட்டாரில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. சங்கராபரண ஸ்வரங்களாக வைத்துப் பாருங்கள். மெட்டு ச என்றால் மேலே க, மெட்டு க என்றால் மேலே ப. இதுவரை சிக்கலில்லை. மெட்டு ப-வுக்கு வந்தால் கணக்குப்படி நி வரும். கிட்டாரில் ச-க-ப கார்டு ஓடும்போது அந்த நி பக்கத்து ச-வோடு உரசும். அங்கே மேல் ச-வுக்கு ஏறிவிடுங்கள். அதேபோல் ப-நி-ரி கார்டில் மெட்டு ரி என்றால் ம வேண்டாம், ப பாடுங்கள். ம வைத்தால் நான்கு ஸ்வரம் கொண்ட ஏழாம் கார்டு ஆகிவிடும்; சில பாட்டுக்கு அது அழகு, இங்கே பொருந்தாது. நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்களுக்கு மட்டும் இந்தத் திருத்தம் போதும். ஓடும் ஸ்வரங்களில் மூன்றாம் ஸ்வரமே இருக்கட்டும்.

'பாலி கம் ஹோம்' கேளுங்கள், மெட்டு பிளான்ட்டுடையது, கிராஸ் சேர்கிறார். 'த்ரூ தி மார்னிங், த்ரூ தி நைட்' பாட்டில் கிராஸ் முன்னால், பிளான்ட் துணைக்கு. பெண் மெட்டைப் பிடித்தால், மேலே வரவேண்டிய அதே ஸ்வரத்தை ஆண் ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடலாம்.

வடகரை
நன்றி. ப-வில்தான் இடிக்கிறது, சரியாகப் பிடித்தீர்கள். ஸ்வரம் சரியான பிறகும் இரண்டு குரலும் ஒட்டவில்லை என்றால்?

பதில் – ஒலிநாடா
பெரும்பாலும் சொல் முடியும் இடம்தான் காரணம். ஸ், ட் என்று முடியும் சொற்களில் இரண்டு பேரும் அந்த எழுத்தை அழுத்தினால் இரட்டையாகக் கேட்கும். மெட்டுக்காரர் மட்டும் உச்சரிக்கட்டும், மற்றவர் உயிரொலியோடு நிறுத்தட்டும். ஒவ்வொரு வரியும் எந்த அடியில் முடிகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் பாடிப் பழகியவர்கள் ஒவ்வொரு தடவையும் வரியை வேறு மாதிரி இழுப்பார்கள். ஹார்மனியில் அது ஆகாது. குரல் நடுக்கத்தைக் குறையுங்கள், முக்கியமாக மேல்குரலில்.

பதிவு செய்தால் மெட்டை முதலில் முடித்துவிட்டு, மேல்குரலை இரண்டு மூன்று டெசிபல் குறைவாக வையுங்கள். ஹெட்ஃபோனில் ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் சுருதி நழுவாது, ஆனால் கழற்றிய பக்கத்தைக் கன்னத்தோடு அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய குரல் மைக்கில் கசியும்.

பதில் – மூன்றாம்கட்டை
ஒன்று சேர்க்கிறேன். இந்த ஆல்பத்தில் அவர்கள் மெதுவாகப் பாட முடிந்ததற்குத் தயாரிப்பாளர் டி போன் பர்னெட் அமைத்த வாத்தியக் குழுவும் காரணம். ஜே பெல்லரோஸின் டிரம்ஸ் அடங்கிய, ஆழமான ஒலி, டென்னிஸ் குரவுச்சின் டபுள் பேஸ் அதன் மேல் உட்கார்கிறது. உங்கள் கிட்டார் பளிச்சென்று ஒலித்தால் குரலை உயர்த்தத் தோன்றும், உயர்த்தினால் ஒட்டாது. பிக்கை (மீட்டும் சில்லை) விட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டிப் பாருங்கள்.