சின்னம்மைக்குப் பின் அக்கி: எங்கள் வீட்டு அனுபவங்கள்

தென்காசி வாசகர்:

அம்மாவுக்கு அக்கி வந்தபோது நான் முதலில் கவனித்தது அதன் எல்லையைத்தான். முதுகெலும்பில் தொடங்கி இடது விலா வழியாக மார்பின் நடுக்கோடு வரை நீர் கோத்த கொப்புளங்கள் பட்டையாகப் படர்ந்திருந்தன. அக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. கொப்புளம் கிளம்புவதற்கு முன்பே அதே இடத்தில் எரிச்சலும் குத்தலும் இருந்ததால், வாயுப்பிடிப்பா, இதயக் கோளாறா என்று ஐயப்பட்டு இ.சி.ஜி.யும் எடுத்திருந்தோம்.

தோல் மருத்துவர் முதலில் கேட்டது, சிறுவயதில் அம்மை போட்டிருந்ததா என்பதே. போட்டிருந்தது, வேப்பிலைப் படுக்கையும் மூன்று தண்ணீர் ஊற்றியதும் அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று உடல் சின்னம்மையை வென்றதே தவிர, வைரஸை முற்றாக வெளியேற்றவில்லை. தோலிலிருந்து உணர்வு நரம்புகள் வழியாகப் பின்வாங்கிய வைரஸ், முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்க, டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் அதைத் தலையெடுக்க விடாமல் பல பத்தாண்டுகள் காவல் காத்திருக்கின்றன. முதுமையாலோ, புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றாலோ அந்தக் காவல் தளரும்போது, ஏதோ ஒரு முடிச்சில் விழித்துக்கொள்ளும் வைரஸ் அதே நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. அந்த நரம்பு உடலின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது என்பதால்தான் கொப்புளங்கள் நடுக்கோட்டில் நின்றுவிட்டன.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் அக்கி வருவது ஏன் என்று கேட்டேன். எதிர்ப்பொருள் செல்லுக்கு வெளியே திரியும் வைரஸைப் பிடிக்கும். உள்ளே பதுங்கியதை அடக்குவது பெரும்பாலும் டி செல்களின் வேலை என்றார். அக்கி புதிய தொற்றன்று, பழைய அம்மை வைரஸின் மறுவருகையே என்று, தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்த எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர் 1965இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய், கொப்புளத்தின் மேல் காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். அம்மாவும் எழுதிக்கொண்டார், குளிர்ச்சியாக இருந்தது என்றார். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது என்பதால், மருத்துவரைப் பார்த்த பிறகே வேளார் வீட்டுக்குப் போனோம்.

பேராவூரணி வாசகி:

ஐயா, எங்கள் வீட்டில் மாமனாருக்கு அக்கி வந்து இரண்டு வாரம் கழித்து, அம்மைத் தடுப்பூசி போடாத என் மகளுக்குச் சின்னம்மை கண்டது. அக்கி அக்கியாகத் தொற்றுவதில்லை. ஆனால் கொப்புள நீரில் வைரஸ் இருப்பதால், முன்பு அம்மையே வந்திராதவருக்கு அது சின்னம்மையாக வரக்கூடும். மகள் விரைவில் தேறிவிட்டாள். மாமனாருக்கோ, புண் ஆறிய பின்னும் சட்டை உரசினாலே நெருப்பாய் எரியும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடித்தது.

50 வயதைக் கடந்தோருக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை, விலை கடிக்கத்தான் செய்கிறது. தளர்ந்துபோன டி செல்களை அந்தப் பழைய வைரஸுக்கு எதிராக மீண்டும் முடுக்கிவிடுவதே அதன் வேலை. என் கணவரும் சிறுவயதில் அம்மை போட்டவர், சர்க்கரையும் உண்டு என்பதால், அவருக்கு முதல் தவணையை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம்.