புதுப்பிப்பு: கழகக் கணக்கில் இடித்த 4,850 ரூபா

போன மாதம் புலம்பியிருந்தேனே: உப்புவெளியில் பிள்ளைகளுக்கு இலவசமாக உதைபந்தாட்டம் பழக்கும் எங்கள் கழகத்துக்கு நான் பகுதிநேரப் பொருளாளர், நாங்கள் வரவுசெலவு எழுதும் காசேட்டுக்கும் வங்கி தரும் கூற்றுக்கும் 4,850 ரூபா இடிக்கிறது என்று. எங்கே இடித்தது என்று பிடிபட்டுவிட்டது. களவில்லை, கவனக்குறைவுதான்.

வான்காரருக்குக் கொடுத்த 4,500 ரூபாக் காசோலையை யாரும் காசேட்டில் ஏற்றவில்லை, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையும் வெறுமை. பற்றுச்சீட்டு, பயிற்றுநர் அண்ணையின் லாச்சிக்குள் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியோடு கிடந்தது. மழையில் நனைந்து அரைவாசி எழுத்து கரைந்திருந்தது. மிச்சம் 350, வங்கி பிடித்த கட்டணம். காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் காட்டும் இணக்கக் கூற்றை மாதாமாதம் போடச் சொன்ன அக்காவுக்கு நன்றி. வருட முடிவில் போட்டிருந்தால் அந்தச் சீட்டு குப்பைக்குப் போயிருக்கும்.

சில்லறைச் செலவுக்கும் கட்டுநிதி முறை வைத்துவிட்டேன். பெட்டியில் 10,000. கையிலுள்ள காசையும் சீட்டுகளையும் எப்போது கூட்டினாலும் 10,000 வர வேண்டும். மாத முடிவில் செலவழிந்ததை மட்டும் நிரப்புவேன். முதல் மாதமே தேநீருக்கு 240 ரூபா சீட்டில்லாமல் போயிருந்தது. சரி, அதை என் கையால் போட்டேன். இனிப் போடமாட்டேன்.

அப்புறம் அந்தச் சப்பாத்துக் காசு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் சப்பாத்துக்கென்றே அனுப்பியதை, தலைவர் கூடாரம் வாங்கக் கேட்டார். தந்தவரிடம் கேட்காமல் முடியாது என்றேன். அந்தக் காசுக்குக் கணக்கில் தனிப் பக்கமும் திறந்துவிட்டேன். தலைவர் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கிறாரில்லை.

சப்பாத்து 22 சோடி வந்துவிட்டது. மூன்று சோடி அளவு பிழை, திங்கட்கிழமை மாற்றப் போக வேண்டும்.