வைக்கல் ஊறல் நாறுது, நீரில் நீந்தும் பரமேசியம் என்ற நுண்ணுயிர் இல்லை. தனிக்கலத்தை (ஒரே செல் உள்ள உயிரை) எதில காட்டுறது?

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
பத்தாம் தரத்துக்குத் தனிக்கல அங்கியையும் பல்கல அங்கியையும் நுணுக்குக்காட்டியிலேயே காட்ட வேணும். ஒரு லீற்றர் போத்தல் நிறைய வைக்கல் அடைந்து, வாவித் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி நாலு நாள் வைத்தாச்சு. கூழ்முட்டை மணம், உள்ளே துள்ளும் புள்ளிகள் மட்டும். இன்னொன்று: வயல் வாய்க்காலில் வழுவழுவென்று கிடக்கும் பச்சை நூல்பாசி, ஸ்பைரோகைரா, தனிக்கலமா பல்கலமா? "எல்லாக் கலமும் ஒரே மாதிரித்தானே, அப்ப தனிக்கலம்" என்று பிள்ளைகள் அடம்பிடிக்குதுகள்.

படுவான்கரை:
மூன்று இடத்தில பிழைச்சிருக்கு, டீச்சர். வைக்கல் கூட, மூடி இறுக்கம், தண்ணீர் உவர். வைக்கல் கூடினால் பற்றீரியா பெருகி ஒட்சிசனை முடிச்சுப்போடும். உவர்நீரில் சல்பேற்று இருப்பதால் காற்றில்லாத பற்றீரியா அதை ஐதரசன் சல்பைட்டாக்கும், அதுதான் அந்த மணம். புள்ளிகள் ஓரிடத்திலேயே நடுங்கினால் அது வெறும் பிரவுணின் அசைவு. இடம்விட்டு நீந்தினால் பற்றீரியா.

மருந்தடிக்காத வயல் வைக்கல் 5 கிராமை 2 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, 500 மில்லிலீற்றர் மழைநீரிலோ உப்பில்லாத கிணற்று நீரிலோ 10 நிமிடம் கொதிக்க வையுங்கோ. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன் போக ஒருநாள் திறந்து வைக்க வேணும். ஆறினபிறகு இரண்டு நாள் விட்டு, குளத்தோர அழுகல் இலையோடு 50 மில்லிலீற்றர் குளத்து நீர் சேருங்கோ. சீலையால் மூடி நிழலில் வைத்தால் ஒரு கிழமையில் மேற்படலத்துக்குக் கீழே பரமேசியம் வெள்ளைப் பொடி மாதிரி ஓடும். 0.2 மில்லிமீற்றர் அளவு என்பதால் வெறுங்கண்ணுக்கே மட்டுமட்டாகத் தெரியும். கண்ணாடி வழுக்கியில் நாலைந்து பஞ்சு நார் போட்டால் ஓட்டம் அடங்கும்.

அடங்கினதும் இரு முனையிலும் உள்ள சுருங்கத்தக்க புன்வெற்றிடங்களைப் பார்க்கச் சொல்லுங்கோ. வட்டமாக ஊதும், டக்கென்று மறையும், திரும்ப ஊதும். மூடித்துண்டின் ஓரத்தில் 0.25% உப்புக்கரைசல் ஒரு துளி விட்டு, மறுபக்கம் ரிசுத் தாளால் உறிஞ்சினால் அந்தத் துடிப்பு மெதுவாகும். "கழிவகற்றும் உறுப்பு" என்று எழுதுவது அரைகுறை. அதன் முதல் வேலை உள்ளே புகும் நீரை வெளியே தள்ளுவது. அமோனியா பெரும்பாலும் மென்சவ்வூடாகவே பரவிப் போய்விடும்.

இழையம்:
நூல்பாசி பல்கலம்தான், ஆனால் பிள்ளைகளின் கேள்வி நல்ல கேள்வி. நூல் அறுந்தால் இரண்டு துண்டும் தனித்தனியாக வளரும், வேலைப் பங்கீடு இல்லை என்றே சொல்லலாம். பந்து மாதிரித் திரண்ட பச்சைப்பாசியான வொல்வொக்சில்தான் பங்கீடு தொடங்குது: சவுக்குமுளையடிக்கும் (நீந்த உதவும் வால் மாதிரி நாரை அடிக்கும்) உடற்கலங்கள் பிரிந்து பெருகாது, முதிர்ந்து செத்துப்போகும். பெருகும் கலங்கள் வேறு. எண்ணிக்கையைக் கேட்காமல், "ஒரு கலத்தைப் பிரித்தெடுத்தால் தானே தின்று, தானே பெருகுமா?" என்று கேட்கச் சொல்லுங்கோ.

கன்னக் கலத்தைப் பக்கத்தில் வையுங்கோ. பல்குத்தியால் மெல்லச் சுரண்டி, 0.9% உப்புநீர்த் துளியில் கலந்து, மெதிலீன் நீலச் சாயம் ஒரு சொட்டு. வெறும் தண்ணீரில் வைத்தால் கலம் ஊதிப்போகும். பரமேசியத்தில் இருக்கும் கரு, குழியவுரு, மென்சவ்வு எல்லாம் இதிலும் உண்டு, ஆனால் நீந்தாது, இரை பிடிக்காது, வெளியே வந்தால் அதோட சரி.

அளவையும் தொட்டுவிடுங்கோ. 0.1 மில்லிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றியில் மேற்பரப்பு–கனவளவு விகிதம் 60:1, 1 மில்லிமீற்றரில் 6:1. பருத்தால் பரவல் மட்டும் போதாது. அதனால்தான் பெரிய உயிர்களில் குருதியும், மீனின் பூவும் (செவுளும்), செடியில் நீர் ஏற்றும் காழும்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
நன்றி. ஊறல் வரும்வரைக்கும் நம்மட எருமைத் தயிரைக் காட்டலாமா? நுணுக்குக்காட்டியில் 400 மடங்குதான் இருக்கு.

படுவான்கரை:
சரிவராது. 400இல் பளபளவென்று தெரியும் உருண்டைகள் எருமைப்பால் கொழுப்பு, பிள்ளைகள் அதைத்தான் பற்றீரியா என்று வரைவார்கள். தயிர்ப் பற்றீரியாவுக்கு எண்ணெய் விட்டு 1000 மடங்கு வேணும். அதில் சங்கிலியாகக் கோத்திருப்பதையும் பல்கலம் என்று எழுதவிடாதீங்க, ஒவ்வொரு மணியும் தனி ஆள்.

பேக்கரி ஈஸ்ட் எடுங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணீர் 100 மில்லிலீற்றர், சீனி ஒரு தேக்கரண்டி, ஈஸ்ட் ஒரு சிட்டிகை, ஒரு மணித்தியாலம். அரும்பு விடுவது 400இலேயே தெரியும். கருவுள்ள பூஞ்சணம் அது. தனிக்கலம் என்றால் எல்லாம் பற்றீரியா என்ற நினைப்பும் அதோட போயிடும்.