ஃப்ளை தூண்டில் பழகுகிறேன்: வீசினால் ‘பட்’டென்று சத்தம், நுனியில் ஃப்ளை இல்லை!

பவானிக்கரை:
வணக்கம். சின்ன வயதிலிருந்து ஆற்றில் தூண்டில் போட்டவன்தான், ஃப்ளை ஃபிஷிங் (ஃப்ளை என்கிற, பூச்சி மாதிரி கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பது) மட்டும் புதிது. 9 அடி 5 வெயிட் ராடு (5ஆம் எண் எடை லைனுக்கானது), மிதக்கும் லைன், லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 9 அடி 5எக்ஸ் வைத்திருக்கிறேன். அக்டோபரில் இமாச்சல் தீர்த்தன் ஆற்றுக்கு டிரவுட் மீன் பிடிக்கப் போகிறேன். இப்போது மொட்டை மாடியில் பயிற்சி. முன்னால் வீசும்போது சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம், பார்த்தால் ஃப்ளையைக் காணோம். சத்தம் வராவிட்டால் லைன் காலடியிலேயே குவிகிறது. இன்னும் வேகமாக வீச வேண்டுமா?

மலைநீர்:
ஐயோ, வேகத்தைக் கூட்டாதீர்கள். நம்ம ஊர் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்கு எடையே கிடையாது, லைன்தான் எடை. அது பின்னால் முழுசாக நீண்ட பிறகுதான் முன்னால் வர வேண்டும். அதற்குள் இழுத்தால் நுனி சடக்கென்று திரும்பும். சத்தமும் அதனால்தான், ஃப்ளை அறுவதும் அதனால்தான். கழுத்தைத் திருப்பி லைனைப் பாருங்கள். எவ்வளவு லைன் வெளியே இருக்கிறதோ அவ்வளவு காத்திருக்க வேண்டும்.

காலடியில் குவிவதற்குக் காரணம் மணிக்கட்டு. ராடு பின்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. கட்டைவிரல் காதைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். முழுக்கைச் சட்டை போட்டு, ராடின் அடிமுனையைக் கைப்பட்டிக்குள் சொருகிக்கொண்டால் மணிக்கட்டு மடங்காது.

கெண்டைமீன்:
முதலில் மாடியை விட்டு இறங்குங்க. காங்கிரீட்டில் உரசினால் லைனின் மேல்பூச்சு போய்விடும், விலையும் கொஞ்சமில்லை. புல்தரை போதும். முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டுங்க. கண்ணாடி, தொப்பி கட்டாயம்.

பவானிக்கரை:
மலைநீர் அண்ணா, சட்டைக்கை வித்தை வேலை செய்கிறது, சத்தமும் நின்றுவிட்டது. ஆனால் லீடரில் சின்னச் சின்ன முடிச்சு தானாக விழுகிறது. காற்றாலா?

மலைநீர்:
எல்லாரும் காற்றின் மேல்தான் பழி போடுவார்கள். முன்வீச்சைத் தொடங்கும்போதே வெடுக்கென்று இழுக்கிறீர்கள். ராடு நுனி அமுங்கி, லைன் தன் மேலேயே மாட்டிக்கொள்கிறது. மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏற்றி, நிறுத்துங்கள். முடிச்சு விழுந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். 5எக்ஸ் என்றால் நுனியின் தடிமன் 0.15 மி.மீ.தான், முடிச்சு இருந்தால் மீன் இழுத்ததும் அங்கேதான் அறும்.

ஓடைக்காரன்:
தீர்த்தன் போயிருக்கிறேன். இனப்பெருக்கக் காலம் என்பதால் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கத் தடை. அதனால் மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மீன்வளத்துறை லைசென்ஸ் முக்கியம். தூர வீச்சைப் பற்றிக் கவலை வேண்டாம், பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் இடங்களில் இரண்டு மூன்று ராடு நீளம் போதும். பல இடங்களில் முதுகுக்குப் பின்னால் மரம் இருக்கும், அங்கே ரோல் காஸ்ட்தான் (லைனைப் பின்னால் வீசாமல், தண்ணீரில் கிடப்பதை அப்படியே முன்னால் உருட்டி வீசுவது) கைகொடுக்கும். அது மட்டும் புல்லில் சரியாக வராது. லைனைப் பிடித்து நிறுத்தத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் குளம் இருந்தால் அங்கே பழகுங்கள்.