புதுப்பிப்பு: நிறைமாதத்தில் 1.9 கிலோ, குரோமோசோம் சோதனை நார்மல் – காரணம் தெரிந்தது

எங்கள் மகள் நிறைமாதத்தில் பிறந்தும் 1.9 கிலோதான், தலை மட்டும் வழக்கமான அளவு, பாலும் சரியாகக் குடிப்பதில்லை, குரோமோசோம் சோதனை நார்மல், அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இது சில்வர்-ரஸ்ஸல் சிண்ட்ரோம், அதாவது கருவிலிருந்தே வளர்ச்சி குறையும் ஒரு அரிய மரபணுக் கோளாறு. "மெத்திலேஷன் சோதனை கேளுங்க தம்பி" என்று ஒரு அக்கா சொன்னதுதான் பலித்தது. மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் ரசாயனக் குறிகளை (மெத்தில் குறி) பார்க்கும் சோதனை அது. பாளையங்கோட்டையில் பார்க்கும் குழந்தை டாக்டரிடம் சொன்னோம். நெற்றி முன்தள்ளியிருப்பதையும் இடது கால் சற்று மெலிந்திருப்பதையும் பார்த்துவிட்டு, ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பினார்.

11ஆம் குரோமோசோமில், அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் இருக்க வேண்டிய மெத்தில் குறி குறைந்திருக்கிறது. அதனால் ஐ.ஜி.எஃப்-2 என்ற வளர்ச்சிப் புரதம் கருவிலேயே குறைவாக உருவாகியிருக்கிறது. மரபணு எழுத்து மாறவில்லை, அதன் மேலுள்ள குறிதான் மாறியிருக்கிறது. அதனால்தான் முதல் சோதனையில் தெரியவில்லை. மரபணு எழுத்துகளைப் படிக்கும் வழக்கமான எக்ஸோம் சோதனையிலும் இது சிக்காது. பணம் கட்டுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்றும் தெரியாவிட்டால், 7ஆம் குரோமோசோம் இரண்டுமே அம்மாவிடமிருந்து வந்ததா என்று பார்ப்பார்களாம்.

நாங்கள் எதிர்பாராதது சர்க்கரை. இந்தக் குழந்தைகளுக்கு நெடுநேரம் வெறும் வயிறாக இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். இரவிலும் எழுப்பிப் பால் கொடுக்கிறோம்.

அப்புறம், "மாசமா இருக்கையில ஒழுங்கா சாப்பிட்டிருக்கணும்" என்று ஆச்சி முதல் பக்கத்து வீடு வரை என் மனைவியைத்தான் சொன்னார்கள். அவள் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆச்சியை உட்காரவைத்து டாக்டரே சொல்லிவிட்டார். இந்த வகை அடுத்த குழந்தைக்கு வருவதும் அரிதாம்.